அந்தப் படத்தைக் கழற்றுங்கள்

கேள்வி: என் கணவர் தீயணைப்பு நிலையத்தில் முன்னணி தீயணைப்போர். 19 வருட சர்வீஸ். மெத்தை குடோன் தீயில் பி.ஏ. செட் (புகைக்குள் மூச்சுவிட முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரும் மாஸ்க்கும்) போடாமல் உள்ளே போனார் என்று, வயதில் சின்னவரான புது நிலைய அலுவலர் மெமோ கொடுத்துவிட்டார். அவமானத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை. இத்தனைக்கும், முன்பு ஓர் ஓட்டல் தீயில் மாஸ்க்கூட இல்லாமல் கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தவர். பேப்பரில் வந்த அந்தப் படத்தை ஃப்ரேம் போட்டு பூஜை அலமாரி பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். மேலதிகாரிக்கு மனு எழுதலாமா, மாறுதல் கேட்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மனுவும் மாறுதலும் கிடக்கட்டும் அம்மா. அந்தப் படத்தை மாட்டியது யார்?

‘இத்தனைக்கும்’ என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் வீட்டு வியாதியே அதுதான். அன்றைக்கு அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். அதற்குக் கண்ணாடி போட்டு, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டீர்கள். தினமும் அதைப் பார்த்துவிட்டு டூட்டிக்குக் கிளம்புகிற மனுஷன், வண்டியை விட்டு இறங்கியதும் பொறுமையாக மாஸ்க் பட்டையை இறுக்கிக்கொண்டு நிற்பாரா?

முதல் தடவை செட் இல்லாமல் போனபோது அவருக்கும் பயம் இருந்திருக்கும். பத்துத் தடவை போய் வந்தபின் அது திறமை என்று தோன்றிவிடுகிறது. ஆபத்தோடு புழங்குகிற எல்லாத் தொழிலிலும் அனுபவசாலிக்கு வருகிற கோளாறு இது. கூட்டம் கைதட்டினால் இன்னும் முற்றும். வீடே கைதட்டினால் கேட்கவே வேண்டாம்.

மெத்தை ஃபோம் எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலை சுற்றினால் வெளியே வந்துவிடுவேன் என்பார் உங்கள் கணவர். வெளியே போகலாம் என்று யோசிக்கிற புத்தியையே அது மழுக்கிவிடுமே! செட்டில் காற்று குறைந்தால் விசில் அடிக்கும். மூக்குக்கு ஏது விசில்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2022-ல் தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் காரணங்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறது. (அந்தப் புகைச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.)

2020 தீபாவளி சமயத்தில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் மேல் பழைய கட்டடம் சரிந்தது. அந்த மாதிரி சாவை எந்த மாஸ்க்கும் தடுக்காது. அப்படியும் சாவு காத்திருக்கிற வேலையில், தடுக்கக்கூடியதையும் போய் இழுத்துவிட்டுக்கொள்வானேன்?

வருஷா வருஷம் ஏப்ரல் 14 அன்று உங்கள் கணவர் ஸ்டேஷனில் அஞ்சலி செலுத்துவார். 1944-ல் பம்பாய் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல் வெடித்து இறந்த 66 தீயணைப்பு வீரர்களுக்கான நாள் அது. அவர்களுக்கா தைரியம் குறைச்சல்? கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துப் போவதா என்று மேலே யாரும் முடிவெடுக்கவில்லை. அவர்கள் கடைசிவரை தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றார்கள். உங்கள் கணவருக்கு ‘போகாதே’ என்று எழுத்தில் சொல்ல ஓர் அதிகாரி கிடைத்திருக்கிறார். அவர்மேல் மனுவா?

வயதில் சின்னவர் என்கிறீர்கள். உங்கள் கணவர் உள்ளே விழுந்தால், அவரைத் தேட ஆள் அனுப்ப வேண்டியவர் அந்தச் சின்னவர்தான். போகிறவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு. அப்புறம் உங்கள் வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொல்ல வேண்டியவரும் அவரேதான். கணவனின் ரோஷத்துக்கு வீட்டுக்காரி விசிறி வீசக் கூடாது. நான் பழைய ஆள், அப்படித்தான் சொல்வேன்.

இன்றைக்கே படத்தைக் கழற்றுங்கள். ஏன் என்று கேட்டால், பயமாக இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள். 19 வருஷத்தில் ஒரு தடவையாவது அதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தில் அந்த வார்த்தையே இல்லை.

சாப்பிடவில்லை என்று கவலைப்பட வேண்டாம். பசித்தால் சாப்பிடுவார்.