ஐசியூ வாசலில் நின்றவர்கள் கேட்டவை

ஐசியூவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். வளர்ந்த பிள்ளையை அங்கே பறிகொடுத்தவர்கள் கேட்டதற்கு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: மகனுக்கு 27 வயது. பைக் விபத்து, மூளைச்சாவு என்றார்கள். உறுப்பு தானத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்போதும் நெஞ்சு ஏறி இறங்கியது, உடம்பு சூடாக இருந்தது. உயிரோடு இருந்தவனைக் கொடுத்துவிட்டேனோ?

பதில்: இல்லை ஐயா. நெஞ்சை ஏற்றி இறக்கியது வென்டிலேட்டர். ஆக்சிஜன் கிடைக்கும்வரை இதயம் மூளையின் தயவில்லாமலே கொஞ்ச காலம் துடிக்கும், சூடு அதனால்தான். மூளைச்சாவை ஒரே டாக்டர் பார்த்துச் சொல்லிவிட முடியாது. 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு உறுதி செய்ய வேண்டும். ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு முறை சோதனை. வென்டிலேட்டரைக் கழற்றி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிய பிறகாவது தானாக ஒரு மூச்சு எழுகிறதா என்று பார்ப்பார்கள். அந்த நிமிடங்களில் கட்டிலருகே நின்றிருக்கிறேன். யாரும் பேச மாட்டோம், ஒரு மூச்சு வந்துவிடாதா என்றுதான் எல்லாருக்கும் இருக்கும். இரண்டு முறையும் வராவிட்டால்தான் அடுத்த வேலை. நீங்கள் மறுத்திருந்தாலும் தம்பி எழுந்திருக்க மாட்டார்.

கேள்வி: மகளுக்கு 31, செப்சிஸ். கிருமித் தொற்று முற்றி உறுப்புகள் கெட்டுவிட்டன என்றார்கள். பத்து நாள் வாசலிலேயே கிடந்தேன். டீ குடிக்கப் போன நேரத்தில் போய்விட்டாள். முகம் வீங்கி, விரல் கறுத்து, கையைக் கட்டியிருந்தார்கள். என்ன செய்தார்கள் என் பிள்ளையை?

பதில்: அம்மா, செப்சிஸில் ரத்தக் குழாய்கள் கசியும். ஏற்றுகிற சலைன் சதைக்குள் இறங்கி முகம் வீங்கும். பிரஷரைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து விரல் நுனிக் குழாய்களைச் சுருக்குவதால் கறுத்துவிடும். கையைக் கட்டியது, அரைமயக்கத்தில் தொண்டைக் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று. இவற்றை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். டீயைப் பற்றி: நீங்கள் வாசலில் இருந்திருந்தாலும், நின்ற இதயத்தை மீட்க நெஞ்சை அமுக்குகிற நேரத்தில் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். நானும் எத்தனையோ அம்மாக்களை வெளியே நிறுத்தித் திரையை இழுத்திருக்கிறேன். இன்றைக்கு அது சரியென்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: அண்ணன் போய் எட்டு மாதம். அம்மா இன்னும் அவன் போனுக்கு ரீசார்ஜ் செய்கிறார். டாக்டரிடம் காட்டணுமா?

பதில்: ரீசார்ஜ் செய்யட்டும் தம்பி, அதை நிறுத்தாதீர்கள். சாப்பாடு, தூக்கம், பேச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆறு மாதம் தாண்டியும் அன்றாடம் அப்படியே நின்றுபோயிருந்தால் மனநல டாக்டரைப் பார்க்கலாம். ‘நானும் அவனோடு போயிடறேன்’ என்று ஒரு தரம் சொன்னாலும் நாள் பார்க்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-ஐ உடனே கூப்பிடுங்கள், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கேள்வி: கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவு) கேட்டால் இழுத்தடிக்கிறார்கள்.

பதில்: எழுத்தில் கேட்டு, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 2002-ஆம் வருட மருத்துவ நெறிமுறைப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கிடைத்ததும் ராத்திரி தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோய், பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்ளுங்கள்.