ஹாம் ரேடியோ எதற்கு? – கடிதம்

அன்புள்ள சார்,

நாகர்கோவிலில் வீடு, தக்கலையில் கூட்டுறவு வங்கியில் வேலை. வயது 41. பள்ளிக் காலத்திலிருந்தே ஹாம் ரேடியோ மீது, அதாவது லைசென்ஸ் வாங்கி வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவதன் மீது ஆசை, இப்போதுதான் லைசென்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் கற்று ஜெனரல் கிரேடு எழுதுவதா, மோர்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடே போதுமா என்று குழப்பம். முதல் செட் எது வாங்கலாம்? வீடு ஐந்து சென்ட்டில் இருக்கிறது, ஆன்டெனா கட்ட இடம் காணாது. வாட்ஸப் காலத்தில் இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். புயல், சுனாமி வந்தால் உதவும், இது ஒரு சேவை என்று சொல்லித்தான் சமாளிக்கிறேன். உங்கள் கருத்தை அறிய ஆவல்.

73,
எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

ஹாம்கள் பேச்சை முடிக்கும்போது சொல்லும் வாழ்த்து 73. லைசென்ஸ் வருவதற்கு முன்பே போட்டுவிட்டீர்கள். ஆசை நன்றாக முற்றியிருக்கிறது, சந்தோஷம்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது "சேவை என்று சொல்லித்தான் சமாளிக்கிறேன்" என்ற அந்த வரிக்காக. கொஞ்ச நாளாகவே இது என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டு கற்றுக்கொள்கிறவர் மூச்சுக்கு நல்லது என்கிறார். செஸ் ஆடுகிறவர் மறதி வராது என்கிறார். மாடியில் செடி வைத்திருப்பவர் விஷமில்லாத வெண்டைக்காயைக் காட்டுகிறார். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் செய்கிறேன் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. நாற்பது தாண்டிய மனிதர் விளையாட வேண்டுமென்றால் வீட்டில் மனுப் போட வேண்டும், அதில் காரணம் என்ற இடத்தில் பொதுநலம் என்று எழுத வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்ற மாவட்டம் நம் கன்னியாகுமரி. படித்தோம், வேலைக்குப் போனோம், வீடு கட்டினோம். சாயங்காலத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, உங்கள் சேவைக் கதைக்கே வருவோம். ஹாம்களின் சேவை என்றதும் எல்லோரும் சொல்வது 2004 சுனாமியில் அந்தமானிலிருந்து பேசிய பாரதி பிரசாத்தைப் பற்றி. உண்மைதான். தொலைபேசி செத்துக் கிடந்தபோது போர்ட் பிளேரிலிருந்து செய்திகள் வெளியே வர அவருடைய நிலையம் ஒரு வழியாக இருந்தது. ஆனால் அவர் எதற்காக அங்கே போயிருந்தார்? பல வருஷமாக ஹாம் ரேடியோ ஒலிக்காத தீவு அது. அங்கிருந்து ஒரு குரல் வந்தால் உலகம் முழுக்க உள்ள ஹாம்கள் வரிசையில் நின்று தொடர்பு கொள்வார்கள். அந்தக் குதூகலத்துக்காகத்தான் அனுமதி வாங்கி, பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுபோயிருந்தார்கள். டிசம்பர் 26 காலை பூமி குலுங்கியபோது ஆன்டெனாவும் செட்டும் ஆளும் தயாராக இருந்தது அந்த விளையாட்டின் புண்ணியத்தில். சேவை செய்யப் போகிறேன் என்று செட் வாங்கி அலமாரியில் வைத்தவர்களின் பேட்டரிதான் தேவைப்படும் நாளில் செத்திருக்கும்.

நம் ஊருக்கு வந்தால் இந்த வாதம் எனக்குக் கோபத்தையே உண்டாக்குகிறது. ஒக்கி புயல் வந்தது 2017 நவம்பர் 30. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் கரையிலிருந்து எத்தனையோ தூரத்தில் கிடந்தார்கள். படகில் இருந்த வயர்லெஸ் வி.எச்.எஃப். வகை. அதன் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், கடலின் வளைவைத் தாண்டி வெகுதூரம் எட்டாது. பல படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. உங்கள் மாடியில் ஒரு ஹாம் செட் இருந்திருந்தால் அவர்களைக் கூப்பிட்டிருக்கலாமா? முடியாது. உங்கள் அலைவரிசை வேறு, அவர்களுடையது வேறு. தூரம் போகும் எச்.எஃப். செட் அந்தப் படகுகளில் இல்லை. திரும்பி வராதவர்களின் படம் மாட்டிய வீடுகள் அந்தத் துறைகளில் இருக்கின்றன. அவர்கள் பெயரைச் சொல்லி உங்கள் பொழுதுபோக்குக்கு அனுமதி வாங்காதீர்கள். கடுமையாகப் படுகிறதா? படட்டும்.

திருவட்டாருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர் இருந்தார். ஊருக்கே ரேடியோ சார். அவர் அறைச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் எப்போதும் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். ஹாம்கள் குறிப்பேட்டில் உலகப் பொது நேரத்தைத்தான் எழுதுவார்கள், அது அதற்கான கடிகாரம். எனக்கு அப்போது தெரியாது.

"மணி தப்பாட்டு ஓடுது சார்."

"அது லண்டனுக்க மணியாக்கும் மக்களே."

வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னைகளுக்கு நடுவே செப்புக்கம்பி கட்டியிருந்தார். காற்றடித்தால் ஒரு தென்னை இந்தப் பக்கம் சாயும், இன்னொன்று அந்தப் பக்கம். கம்பி அறுந்துவிடும். அதனால் ஒரு முனையில் கிணற்றுக் கப்பி, அதன் வழியாகக் கயிறு, கயிற்று நுனியில் உடைந்த அம்மிக் குழவி. மரம் ஆட ஆட அந்தக் குழவி சுவரோரமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தேங்காய் வெட்ட வருகிறவர்தான் அவருடைய ஆன்டெனா மெக்கானிக். கூலியோடு இரண்டு தேங்காய் கூடுதல்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொள்வார். பெரும்பாலும் பேசவே மாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் யாரிடமோ பேசி முடித்துக் குறிப்பேட்டில் எழுதினார். யார் என்று கேட்டேன்.

"ஜப்பான்காரனாக்கும்."

"என்ன பேசினீங்க?"

"பேரு, ஊரு, அங்க மழை உண்டா, எனக்க சத்தம் எப்பிடிக் கேக்குது. அம்பிடுதான்."

"அவ்வளவுதானா சார்?"

"அதுக்க மேல என்ன வேணும்?"

வயர்லெஸ் என்றாலே சந்தேகமாகப் பார்த்த காலம் அது. 1991-ல் கொல்லப்பட்ட ராஜீவ் காந்தியே வி.யூ.2.ஆர்.ஜி. என்ற அழைப்புக்குறி வைத்திருந்த ஹாம்தான், ஆனால் அதைச் சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? சார் லைசென்ஸை ஃபிரேம் போட்டுக் கடிகாரத்துக்குக் கீழேயே மாட்டியிருந்தார்.

சில சாயங்காலங்களில் சிக்னல் படபடவென்று நடுங்கும். "இன்னைக்கு மேல சுகமில்ல" என்று செட்டை அணைத்துவிடுவார். காரணத்தை நான் வெகு நாள் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963 நவம்பரில் இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை விடத் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். பொழுது சாய்ந்ததும் இந்தக் கோட்டுக்கு மேலே, அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும், அதற்குள் புகுந்து வரும் அலை நடுங்கும். எந்த நாளில் கிளம்பும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்கு மேல் சூரியப் புள்ளிகள் ஏறி இறங்கும் 11 வருஷச் சுற்று வேறு, அதைப் பொறுத்தும் அலை போகும் தூரம் மாறும். ஒரு ஆயுளில் ஆறேழு சுற்றுதான் பார்க்கக் கிடைக்கும். வாட்ஸப்பில் நீங்கள் கூப்பிட்ட ஆள் எடுப்பார், இல்லை எடுக்க மாட்டார். இங்கே யார் எடுப்பார் என்பதே தெரியாது. வீட்டில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இவ்வளவுதான் பதில்.

ஜோ டெய்லர் என்று ஒரு அமெரிக்க இயற்பியலாளர். பல்சர் என்ற துடிக்கும் விண்மீன்கள் பற்றிய ஆராய்ச்சிக்காக 1993-ல் நோபல் பெற்றவர். சிறுவயதில் அண்ணன் தம்பி சேர்ந்து கூரைமேல் ஆன்டெனா ஏற்றி வீட்டின் புகைபோக்கியையே உடைத்தவர்கள். 2017-ல், எழுபது தாண்டிய பிறகு, இன்னொருவருடன் சேர்ந்து எஃப்.டி.8 என்ற முறையைக் கொண்டுவந்தார். காதுக்கே எட்டாத சிக்னலை 15 விநாடித் துண்டுகளாகக் கணினி பிரித்தெடுக்கும். அதெல்லாம் ரேடியோவே இல்லை என்று சண்டை போடுகிற கூட்டம் உண்டு, அதை விடுங்கள். நோபல் வாங்கிய பிறகும் அந்த மனிதருக்கு விளையாட நேரம் இருந்திருக்கிறது. உங்களுக்கு வங்கியில் அதைவிட வேலையா?

செட் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். வாங்குவதில் தொடங்கியவர்கள் பலர் விற்பதில் முடித்ததைப் பார்த்திருக்கிறேன். ஹைதராபாத்காரர் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டின் ஆரம்ப வடிவத்தில் சுருள் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய் வாஷரையே பயன்படுத்தினார். உலகம் முழுக்க அதைக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவு போதும். அதுவரை நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் ரிசீவரை இணையம் வழியாக உங்கள் ஃபோனிலேயே திருப்பிக் கேட்கலாம், இன்று ராத்திரியே. அது அந்த ஊர் வானம்தான் என்றாலும் காது பழகும்.

இடம் இல்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். 40 மீட்டர் அலைக்கு வேண்டிய கம்பி ஏறக்குறைய 66 அடி. ஐந்து சென்ட் மனை சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை 66 அடி. மனை நீளவாட்டமாக இருந்தால் இன்னும் நல்லது.

மோர்ஸ்தானே கேட்டீர்கள்? முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதுங்கள், ஜெனரலுக்குப் பிறகு போகலாம். ஆனால் மோர்ஸை இப்போதே தொடங்குங்கள். புள்ளி, கோடு என்று தாளில் பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம், சத்தமாகவே காதில் ஏற வேண்டும். எழுத்தை வேகமாகவும் எழுத்துக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாகவும் வைத்துக் கேளுங்கள். அதற்குச் செயலிகள் இருக்கின்றன. பஸ்ஸில் போய் வரும் நேரம் போதும், நாகர்கோவில்–தக்கலை ரோடு இருக்கிற இருப்பில் ஜெனரல் கிரேடுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.