திகில் சிறுகதைப் போட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘கண்ணாடி’ என்ற தலைப்பில் ஒரு திகில் கதைப் போட்டி. நாயகி அசையாமல் நிற்க, கண்ணாடியில் தெரியும் அவள் உருவம் மட்டும் சிரிப்பதாக முடித்திருந்தேன். முதல் சுற்றிலேயே நீக்கிவிட்டார்கள். நடையில் குறையில்லை என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். பிறகு ஏன்?

பதில்: கண்ணாடி என்றதும் பிம்பம் தனியாக அசைவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதே கதையைப் பத்தாவது தடவையாகப் படிக்கும் நடுவருக்கு, பிம்பம் எப்படிச் சிரித்தாலும் பயம் வராது.

தலைப்பு தெரிந்ததும் தோன்றுகிற கருக்களைப் பன்னிரண்டு வரிகளாக எழுதுங்கள். முதல் ஐந்தை அடித்துவிடுங்கள். அவை ஊருக்கே பொதுவானவை. அடுத்து, பொருளை விட்டுவிட்டு அது செய்யும் வேலையைப் பாருங்கள். கண்ணாடி முதுகுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும். பார்க்க ஒருவர் இருந்தால்தான் அதற்கு வேலை. பார்வையற்ற ஒருவர் தனியாக வாழும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட இடமெல்லாம் தூசி. சுவரிலிருக்கும் நிலைக்கண்ணாடியில் மட்டும் விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. யார் துடைக்கிறார்கள்? யார் முகம் பார்க்க? இங்கே பிம்பமே வரவில்லை, ஆனால் கண்ணாடி இல்லாமல் கதையே இல்லை.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. கண்ணாடி வரும் இடத்திலெல்லாம் புகைப்படம் என்று மாற்றிப் படியுங்கள். கதை அப்படியே நின்றால் அது அந்தத் தலைப்புக்குரிய கதை அல்ல. பழைய கதையில் தலைப்பை ஒட்டவைத்து அனுப்புகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதில்தான்.

கேள்வி: வரம்பு 1,000 சொற்கள். எனக்கு எப்போதும் 1,600-ஐத் தாண்டிவிடுகிறது. எங்கே வெட்டுவது?

பதில்: பெரும்பாலும் தொடக்கத்தில். மழை, பயணம், குடும்ப வரலாறு என்று முதல் பக்கம் வீங்கியிருக்கும். முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள்; பல கதைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

1,000 சொல் கதைக்கு இந்தக் கணக்கு உதவும். முதல் 80 சொற்களுக்குள் ஆள், இடம், அவர் அங்கிருந்து கிளம்ப முடியாத காரணம். 150-க்குள் முதல் பிசகு, அதாவது வழக்கத்துக்கு மாறாகத் தட்டுப்படும் முதல் விஷயம், அதுவும் சின்னதாக. 600 வரை அந்தப் பிசகு மூன்று தடவை வரட்டும், ஒவ்வொரு தடவையும் ஓரடி நெருங்கி. ஐந்து தடவை வந்தால் வாசகருக்குப் பழகிவிடும், பழகியது பயமுறுத்தாது. 850-க்குள் உண்மை வெளிப்பட வேண்டும். மிச்சம் விளைவுக்கு. மூன்று பேருக்கு மேல் பாத்திரங்கள் வேண்டாம். ஓர் இடமும் ஓர் இரவும் போதும்.

‘திடீரென்று’, ‘ஏதோ ஒரு’, ‘இனம்புரியாத’ ஆகியவற்றைத் தேடி எடுத்துவிடுங்கள். உணர்ச்சிக்குப் பெயர் சூட்டும் வரிகளும் போகட்டும். ‘அவள் நடுநடுங்கிப் போனாள்’ என்பதைவிட, தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தவள் திரும்பவும் போய் அதைத் தொட்டுப் பார்த்தாள் என்பது வலுவானது.

சொல் எண்ணிக்கையில் ஒரு சங்கதி. மென்பொருள் இடைவெளியை வைத்தே எண்ணுகிறது. ‘வந்து கொண்டிருந்தது’ இரண்டு சொல், ‘வந்துகொண்டிருந்தது’ ஒன்று. முறையாகச் சேர்த்து எழுதுவதில் தவறில்லை. வரம்புக்குள் திணிப்பதற்காகச் சொற்களை ஒட்டினால் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: ரத்தம், சிதைந்த உடல் என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

பதில்: விதியில் தடை இல்லையென்றால் எழுதலாம். ஆனால் அருவருப்பு வேறு, அச்சம் வேறு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளில், இளிவரலையும் (அருவருப்பு, இழிவுணர்வு) அச்சத்தையும் தனித்தனியாகவே வைக்கிறது. அச்சம் பிறக்கும் இடங்களாக அது சொல்பவை நான்கு: அணங்கு (பேய், வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசன்). இந்த நான்கில் அணங்கு ஒன்றுதான் இயற்கைக்கு அப்பாற்பட்டது. திகில் போட்டி என்றதும் எல்லோரும் அதன் பக்கமே ஓடுவதால் மற்ற மூன்றும் காலியாகக் கிடக்கின்றன. தண்டிக்கும் அதிகாரம் கொண்ட ஒருவர், காரணமே சொல்லாமல் தினமும் வாசலில் வந்து நின்றுவிட்டுப் போகிறார் என்பதும் திகில்தான்.

கேள்வி: பரிசு பெற்ற கதைகளைப் படித்தால் உதவுமா? எப்படிப் படிப்பது?

பதில்: இரண்டு தடவை படியுங்கள். இரண்டாம் தடவை பென்சிலோடு உட்கார்ந்து, முதல் பிசகு எத்தனையாவது வரியில் வருகிறது, ஆசிரியர் எதை விளக்காமலே விட்டிருக்கிறார் என்று குறியுங்கள்.

1833-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர வார இதழ் ஒன்று நடத்திய போட்டிக்கு, திகில் கதைகளுக்குப் பேர்போன எழுத்தாளர் எட்கர் ஆலன் போ ஆறு கதைகள் அனுப்பினார். ஐம்பது டாலர் பரிசு பெற்றது, புட்டியில் அடைத்துக் கடலில் எறியப்பட்ட கையெழுத்துப் பிரதியாக அமைந்த கதை. மர்மக் கப்பலில் சிக்கியவர் எழுதிக்கொண்டே போகிறார். கப்பல் சுழலில் மூழ்கும் கணத்தில் எழுத்து நிற்கிறது. ‘நான்’ என்று தொடங்கி, கடைசி வரியில் அந்த ‘நான்’ சாகும் கதைகள் போட்டிகளுக்கு நிறைய வருகின்றன. செத்தவர் எப்படி இதைச் சொன்னார் என்ற கேள்வியில் அவை உடைந்துபோகும். போவின் புட்டி அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைத்திருக்கிறது. டைரி, குரல்பதிவு, கடிதம் எதுவானாலும் இதே தர்க்கம் வேண்டும்.

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி நடத்துகிறோம். மூன்று நடுவர்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் போதாதா?

பதில்: போதாது. ஒரு கதைக்கு 7, 7, 7. இன்னொன்றுக்கு 10, 9, 1. கூட்டினால் 21-க்கு 20 என்று முதல் கதை ஜெயிக்கும். இரண்டு பேரைத் தூங்கவிடாத கதை தோற்று, யாரையும் தொந்தரவு செய்யாத கதை பரிசு வாங்கும். திகிலில் இது பெரிய அநியாயம். கூட்டலை முதல் பத்துக் கதைகளைத் தேர்ந்தெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நடுவராவது 10 போட்ட கதையையும் அந்தப் பட்டியலில் சேர்த்து, பிறகு மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். தலைப்புக்குப் பொருந்துகிறதா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். ஆம், இல்லை என்பதோடு நிற்கட்டும்.

பெயரை மறைத்து நடுவரிடம் கொடுக்கும்போது கோப்பின் பண்புகளிலும் (Properties) பாருங்கள். எழுதியவர் பெயர் அங்கே தானாகப் பதிந்திருக்கலாம். யூனிகோடில் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பழைய எழுத்துருவில் வந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கதை வெறும் குறிகளாகத்தான் தெரியும்.