பன்றி பாய்ந்து வந்தால் ஓடுவதா, நிற்பதா?

ஓடாதீர்கள். முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் இரவு வயல் காவலில் பன்றி உங்கள் மேல் பாய்ந்ததாக எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை பக்கத்தில் நிற்கும் பாலை மரத்துக்கோ வீரை மரத்துக்கோ பின்னால் ஒதுங்குங்கள், முடிந்தால் ஆளுயரத்துக்கு ஏறிவிடுங்கள். பன்றி தலையைத் தாழ்த்தி வந்து, கோரைப்பல்லால் கீழிருந்து மேலே கிழிக்கும். தொடைதான் முதலில் அகப்படும்.

அது குட்டிகளோடு நின்ற பெட்டையாக இருக்கலாம். விடிந்ததும் வரம்புச் சேற்றைப் பாருங்கள்: பெரிய தடத்தோடு சின்னக் குளம்படிகள் இருந்தால் அதுதான். இலையில் இரத்தத் துளி என்றால் வெடிபட்ட பன்றியாக இருக்கலாம். தயவுசெய்து பற்றைக்குள் பின்தொடராதீர்கள். விலங்கு தட்டினால் தானாக வெடிக்கக் கட்டி வைத்த கட்டுத்துவக்கும் அங்கே இருக்கலாம்.

ஒன்று, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் எக்காரணத்துக்கும் ஒதுங்க வேண்டாம். அப்புறம், சின்னக் கீறல் என்றாலும் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போங்கள்.