கண்மாய்க் கரையில் எவ்வளவு கட்டலாம்?

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயில் ஆண்டுதோறும் கார்த்திகை முதல் பறவைகள் வந்து தங்குகின்றன. வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளுக்காக இயற்கை மையம் கட்டப் பணம் தருகிறார். கண்மாய்க்குக் கிழக்கே, கரையை ஒட்டி 40 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. பொறியாளர் தந்த வரைபடத்தில் கண்மாயைப் பார்த்தபடி முழுக் கண்ணாடிச் சுவர், ஏ.சி. அரங்கு, செட்டிநாட்டுத் தூண்கள் வைத்த முகப்பு, மாடியில் சோலார் எல்லாம் இருக்கின்றன. இது பசுமைக் கட்டடம் என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்மாய் உங்கள் நிலத்துக்கு மேற்கே இருக்கிறது. அப்படியானால் அந்தக் கண்ணாடிச் சுவர் முழுவதும் மாலை வெயிலை உள்ளே இழுக்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி., ஏ.சி.க்கு மின்சாரம் தர சோலார் என்று வரைபடம் போகிறது. சுவரைத் திருத்தினாலே தீரும் தொல்லை இது. போதாக்குறைக்கு, கண்ணாடியில் தெரியும் வானத்தையும் மரங்களையும் நிஜமென்று நம்பிப் பறவைகள் வந்து மோதும். பறவைகளுக்காகக் கட்டும் இடத்தில் இதைவிட அபத்தம் வேறில்லை.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, புதுக் கட்டடம் வேண்டுமா என்பதுதான். உங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் வளவு வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டிய பழைய செட்டிநாட்டு வீடு, ஒன்றாவது இருக்கும். பிள்ளைகள் உட்கார முகப்புத் திண்ணை, காட்சிப் படங்கள் வைக்க வளவைச் சுற்றிய தாழ்வாரம், நூலகத்துக்கு ஓர் அறை, சாப்பாட்டுக்கு இரண்டாம் கட்டு (வளவுக்குப் பின்னால் உள்ள பகுதி) என்று நீங்கள் கேட்கும் எல்லாமே அதில் இருக்கின்றன. தடித்த சுவர்களும் உயரமான கூரையும் நடுமுற்றமும் சேர்ந்து சித்திரையிலும் ஏ.சி. கேட்காத வீடு அது. அதற்கான செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே செலவாகிவிட்டன. புதிதாகச் சூளை எரிக்கத் தேவையில்லை என்பதே மிகப் பெரிய சேமிப்பு.

சிக்கல் பங்காளிகளிடம் இருக்கிறது. ஒரே வீட்டுக்குச் சென்னையிலும் சிங்கப்பூரிலுமாகப் பல பங்குகள் இருக்கும். ஒருவர் வாய்மொழியாகச் சரி என்றதை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்திட்ட நீண்ட காலக் குத்தகை வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பணம் தருபவரே நாலு பேரிடம் பேசினால் வேலை சுலபமாகும்.

வீடு கிடைத்தால், பழைய சுண்ணாம்புப் பூச்சில் சிமென்ட் ஒட்டுப் போட எவரையும் விடாதீர்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பாகப் பூத்து, நல்ல சுவரையும் சேர்த்து உரித்துவிடும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள்; தேடிப் பிடியுங்கள். முட்டை வெள்ளைக்கருப் பூச்சுக்குத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அந்தப் பளபளப்பு ஒரு சுவரில் இருந்தால் போதும், பிள்ளைகள் தடவிப் பார்க்க. மற்றவற்றுக்குச் சாதாரணச் சுண்ணாம்பு வெள்ளையே நன்று.

இனி கரைக்கு வருவோம். அங்கே தேவைப்படுவது ஒரு பார்வைக் கொட்டகை மட்டுமே. கண்மாயின் நீர்ப்பரப்பும் கரையும் அரசுக்கு உரியவை. ஏரி, கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே சர்வேயரை அழைத்துப் பட்டா எல்லையை அளந்த பிறகே கயிறு பிடியுங்கள். கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்காலும் மிகுநீர் வெளியேறும் கலுங்கும் இருக்கும் பக்கம் போகவே வேண்டாம்.

கொட்டகையை மேற்குப் பார்த்து வைத்தால், பறவைகள் அடைய வரும் மாலை வேளையில் வெயில் கண்ணில் அடிக்கும். பறவைகள் வெறும் கரிய உருவங்களாகத்தான் தெரியும். நிலத்தின் தென்கோடியில், வடக்குப் பார்த்து வையுங்கள். பறவைகள் வரும் மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், வெளிச்சம் பெரும்பாலும் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும். நாரையின் இறகு நிறம் கூடத் தெரியும். கண்ணாடிக்குப் பதிலாகப் பலகைச் சுவரில் நீளவாக்கில் இடைவெளி விடுங்கள், பெரியவர் உயரத்தில் ஒன்று, குழந்தை உயரத்தில் ஒன்று. பனங்கைச் சட்டமும் நாட்டு ஓடும் கூரைக்குப் போதும். பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் வழவழப்பான ஆத்தங்குடிக் கல் இங்கே தரைக்கு ஆகாது, சாரல் பட்டால் வழுக்கும். சொரசொரப்பான கருங்கல் பலகை போடுங்கள். ஆத்தங்குடிக் கல்லை வீட்டுக்குள் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதில் சிமென்ட் உண்டு என்றாலும் சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்தே பதப்படுத்துகிறார்கள். வெகுதூரம் லாரியில் வரவும் வேண்டியதில்லை.

பங்காளிகள் இசையவில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும் என்றால், நிலத்தின் கிழக்கு ஓரத்துக்குத் தள்ளி, கிழக்கு மேற்காக நீளும் கட்டடமாகக் கட்டுங்கள். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் இறுதியில் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 56 பாகை உயரத்திலும், ஜூன் இறுதியில் வடக்கே சுமார் 77 பாகை உயரத்திலும் இருக்கும். 4 அடி உயர ஜன்னலை நண்பகல் வெயிலிலிருந்து காக்கத் தெற்கே 2¾ அடி இறவாரமும் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) வடக்கே ஓரடியும் போதும் என்பது இதிலிருந்து வரும் கணக்கு. கிழக்கு, மேற்குச் சுவர்களில் வெயில் தாழ்வாக வரும். இறவாரம் அதைத் தடுக்காது. அங்கே ஜன்னலே வேண்டாம், மேற்கே புங்கனும் நாவலும் நடுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறைப்படி செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவே காற்றறை விட்டுக் கட்டினால், செங்கல் கால்வாசி மிச்சமாகும். சூடும் குறைவாகவே இறங்கும்.

மழைநீரை விட்டுவிடாதீர்கள். இம்மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மி.மீ. மழை. 200 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,44,000 லிட்டர் சேரும். கழிப்பறையின் உறிஞ்சுகுழி கண்மாயிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகட்டும். கை கழுவும் நீரைக் கல்வாழைப் பாத்திக்கு விடலாம். சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1 கிலோவாட் நாளுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும், ஏ.சி. இல்லாத மையத்தில் மின்விசிறிக்கும் விளக்குக்கும் 2 கிலோவாட் ஏற்பாடே தாராளம். இரவில் கண்மாய்ப் பக்கம் விளக்கு எரியக் கூடாது.

முகப்புக்கு வரைந்த அந்தச் செட்டிநாட்டுத் தூண்கள் எங்கிருந்து வரும் என்று பொறியாளரிடம் கேட்டீர்களா? இடித்த வீட்டிலிருந்துதான். உங்கள் ஊரில் தானாகச் சரிந்த வீட்டின் ஓடுகளையும் செங்கல்லையும் எடுத்துப் பயன்படுத்துங்கள், நல்லது. ஆனால் கடையில் விலை பேசி வாங்கும் ஒவ்வொரு செதுக்குத் தூணும் அடுத்த வீட்டை இடிக்கக் கொடுக்கும் முன்பணம் என்றே நான் கருதுகிறேன்.

பசுமைச் சான்றிதழ் பற்றி நன்கொடையாளர் கேட்கக் கூடும். கட்டடங்களுக்குப் பசுமைத் தரம் வழங்கும் கிருஹா (GRIHA) அமைப்பில் சிறு கட்டடங்களுக்கு எளிய தரமதிப்பீடு உண்டு. சுவரில் மாட்ட ஒன்று வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக வடிவமைப்பை வளைக்காதீர்கள்.

வேலையைச் சித்திரைக்கு முன் தொடங்க வேண்டாம். அதுவரை கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். மாசிக்குள் குத்தகைப் பத்திரமும் பங்குனியில் சுண்ணாம்பு ஊறவைப்பதும் முடிந்தால், ஐப்பசி மழைக்கு முன் பூச்சு உலர்ந்துவிடும். கோடை வெயிலில் பூசும் சுவருக்கு நனைத்த சாக்குப் போட்டுவைக்கக் கொத்தனாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.