அரியர் இருந்தால் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியுமா?

சென்னைப் பல்கலைக்கழக இணைவுக் கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கும் தங்கை இரண்டு தாள்களில் தேறாததால் ஓராண்டை இழப்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இழக்கமாட்டார். தேறாத தாள்களுக்குத் தொடர்ந்து விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, இறுதிப் பருவம் வரை மாணவர் மேலே செல்லலாம் என்பதே விதி. பருவத் தேர்வின் 75 மதிப்பெண்ணில் குறைந்தது 30-உம், 25 மதிப்பெண் அகமதிப்பீட்டையும் சேர்த்து 40-உம் பெற்றால் தேர்ச்சி. அகமதிப்பீடு எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அந்த 30-ஐ ஈடுசெய்யாது என்பதை அவர் மறந்துவிடக் கூடாது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை வருகைப்பதிவு: அது 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வெழுதுவதே சிக்கலாகும், 50-க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே மீண்டும் படிக்க வேண்டிவரும். ஆகவே அரியர் தாளுக்குப் படிப்பதற்காக நடப்பு வகுப்புகளை அவர் விடவேண்டாம்.