கறுப்பனுக்குக் காப்புறுதி எடுக்கலாமா?

கேள்வி: அக்கா, தொடர்மாடி வீட்டில் இரண்டு பூனை வளர்க்கிறோம். கறுப்பன் கடுவன், 7 வயது. போன வருடம் சலம் அடைத்து 3 நாள் வைத்தியம் பார்த்தோம். மற்றது 5 மாதக் குட்டி. லண்டனில் இருக்கும் தங்கச்சி தன் பூனைக்கு மாதாமாதம் காப்புறுதி கட்டுகிறாளாம், எங்களையும் எடுக்கச் சொல்கிறாள். "மனிசருக்கே இல்லை, பூனைக்கா?" என்று இவர் சிரிக்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அவர் சிரிக்கட்டும். சலம் அடைத்த கடுவனோடு ஓடியவளுக்குச் சிரிப்பு வராது.

என் பூனை மணிக்கும் அதுதான் வந்தது. இரவு முழுக்க மணல் தட்டில் ஏறும், குந்தும், இறங்கும். மலச்சிக்கல் என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் பருக்கினேன். என் வைத்தியம் அவ்வளவுதான். 2 மணிக்கு அடிவயிறு கல்லுப் போலாகி அது கத்தத் தொடங்க, உடுப்புக் கூடையில் போட்டுத் துவாயால் மூடிக்கொண்டு காலி வீதியில் ஓட்டோ பிடித்தேன். குழாய் விட்டு எடுத்த சலம் பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. கடுவனுக்குச் சலம் போகும் வழி மிகவும் ஒடுக்கம். முழுதாய் அடைத்துவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போகலாம். 4 நாள் செலவு 46,000 ரூபாய். என் கைச்சங்கிலி அடகுக்குப் போய் 7 மாதம் கழித்துத்தான் திரும்பி வந்தது.

இனி உங்கள் தங்கச்சியின் கதைக்கு வருவோம். அவள் இருக்கும் இடத்துக்கு அவள் சொல்வது சரி. பிரிட்டனில் மனிதருக்கு அரசாங்க வைத்தியம் இருக்கிறது, பூனைக்கு இல்லை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் ஆயிரக்கணக்கான பவுண் போகும். ஆனால் அங்கேயும் கறுப்பனை அவள் புதிதாய்ப் பதியப் போனால், ஏற்கெனவே வந்த நோய் என்று சலக்கோளாறைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். எது திரும்ப வரும் என்று பயப்படுகிறீர்களோ அதற்குக் காசு கிடைக்காது. பூனைக்கு வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறும். தடுப்பூசியும் கருத்தடையும் வழக்கமாகச் சேராது.

ஆகவே கறுப்பனுக்கு வேண்டாம். குட்டிக்கு யோசிக்கலாம், அதற்கு இன்னும் நோய்க்கதை எதுவும் இல்லை. யாராவது பொலிசி தருகிறோம் என்று வந்தால் கையெழுத்து வைக்க முன்னர் பதிலை எழுத்தில் வாங்குங்கள். பொலிசி எடுத்து எத்தனை நாளுக்குப் பிறகு வரும் நோய்க்குப் பணம் தருவார்கள், ஒவ்வொரு தடவையும் முதல் எவ்வளவு நம் கையால் போகும், ஒரே நோய் அடுத்த வருடமும் வந்தால் தருவார்களா. கடைசிக் கேள்விதான் முக்கியம். பிரிட்டனிலேயே ஒரு நோய்க்கு 12 மாதம் மட்டும் தரும் பொலிசியும் உண்டு, வருடா வருடம் தொடர்ந்து தருவதும் உண்டு. வயது போன பூனைக்குச் சிறுநீரக வருத்தம் வந்தால் அது 12 மாதத்தில் முடிகிற காரியமில்லை.

கறுப்பனுக்கு மாதம் 2,000 ரூபாயை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். சீட்டில் போடாதீர்கள். நமக்குச் சீட்டு விழும் மாதம் பார்த்துப் பூனைக்கு வருத்தம் வராது. உலர்ந்த தீனியைக் குறைத்து, அவித்த மீனைத் தண்ணீரோடு வையுங்கள், சலம் நன்றாகப் போகும். உப்புப் போடாமல் அவியுங்கள். பல்கனிக்கு வலை அடியுங்கள். உடம்பு சுட்டாலும் பனடோல் கொடுக்கவே கூடாது, ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும்.

தங்கச்சி அடுத்த முறை கொழும்புக்கு வரும்போது, கதவு வைத்த நல்ல பூனைக்கூடை ஒன்று கொண்டுவரச் சொல்லுங்கள். உடுப்புக் கூடையிலிருந்து மணி பாய்ந்த பாய்ச்சலில் ஓட்டோக்காரரின் கழுத்தில் விழுந்த கீறலுக்கு நான் தனியாக 500 ரூபாய் கொடுத்தேன்.